கடல்நாய்க் குட்டிக்கு ஓர் அளவு

உனக்கு,

இன்று காலை சென்னையிலிருந்து தைராய்டு பரிசோதனைக்கான கிட் வந்தது. வழக்கம்போலப் பஸ்ஸில் போட்டு அனுப்பியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வாங்கி வந்து, லேப் மேசையில் வைத்து டேப்பைக் கிழித்தேன். தெர்மாகோல் மூடியைத் தூக்கியதும் உள்ளே அடைந்து கிடந்த குளிர் முகத்தில் வந்து மோதியது. ஐஸ் பைக்கு என்ன வாசனை இருந்துவிடப் போகிறது என்பார்கள். எனக்கு இருக்கிறது. ஈரமும் பிளாஸ்டிக்கும் மருந்தும் கலந்த ஒரு வாசனை. "உங்க ஊருல பனி பெய்யுறது இந்தப் பொட்டிக்குள்ள மட்டுந்தான்டி" என்று நீ ஒருமுறை இதற்குள் மூக்கை நீட்டிக்கொண்டு சொன்னாய். மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர், "என்னாங்க, ஒடஞ்சி வந்துடுச்சா?" என்றார். "இல்லீங்க, எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டு, பாட்டில்களை எடுத்து பிரிட்ஜில் அடுக்கினேன்.

நீ போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது. இத்தனை நாள் உனக்கு எழுதாமல் இருந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. எழுத உட்கார்ந்தால் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் முடிக்க முடியாது, அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன வாரம் ஒன்று நடந்தது. அதற்குப் பிறகு எழுதலாம் என்று தோன்றியது. முதலில் இருந்தே வருகிறேன். நீதான் எங்கும் போய்விட மாட்டாயே.

ப்ளஸ் ஒன்னில் நீ பெண்ணாடத்திலிருந்து எங்கள் ஊர்ப் பள்ளிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவாய். கரும்பு அரவைக் காலத்தில் உன் பாவாடை தாவணியில் சர்க்கரை ஆலையின் பாகு வாசனை அடிக்கும். எறும்பு மொய்க்கப் போகிறது என்று நான் கேலி செய்வேன். உயிரியல் செய்முறை வகுப்பில் நாமிருவரும் ஒரே மேசை. தவளையை அறுப்பதில் என் கை உன் கையைவிடச் சுத்தம் என்று டீச்சரே சொல்லியிருக்கிறார். ஆனால் மார்க் வந்தபோது உனக்குக் கால்நடை மருத்துவம் கிடைத்தது, எனக்கு இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பு. "நீ மாட்டு டாக்டரு, நான் மனுசனுக்கே ரத்தம் எடுக்குறவ, என்னப் பாத்தா எழுந்து நிக்கணும் தெரியுமா" என்று உன்னிடம் வாயடித்தேன். உள்ளுக்குள் எரிந்தது. இப்போது சொல்கிறேன், ரொம்ப நாள் எரிந்தது.

அதற்குப் பிறகு நீ மேற்படிப்பு, ஆராய்ச்சி என்று எங்கெங்கோ போய், கடைசியில் வடக்குக் கடலில் ஒரு குளிர் தேசத்தில் கடல்நாய்களுக்கு ரத்தம் எடுக்கப் போய்ச் சேர்ந்தாய். உன் அம்மா அதைப் பெண்ணாடத்தில் எப்படிச் சொல்வது என்று தவித்துப் போனார். "நாய் டாக்டருன்னு சொன்னா மாப்ள வூட்டுல சிரிக்கிறாங்கம்மா. கடல்நாயின்னா இன்னும் சிரிக்கிறாங்க" என்று என்னிடம் வந்து புலம்பினார். கடைசியில் 'பாரின்ல பெரிய டாக்டரு' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொண்டார். நான் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கினேன். அவருக்குச் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைக்கு அச்சு வார்க்கும் வேலை. எனக்கு வீட்டின் முன்னறையில் ஒரு லேப். நடுவில் ஒரு திரை போட்டிருந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும், இந்தப் பக்கம் நான் சர்க்கரை பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாதம் ஒருமுறை கடைவீதி பிரவுசிங் சென்டருக்குப் போய் உன் ஈமெயில் கடிதங்களைப் பிரிண்ட் எடுத்து வந்து படிப்பேன். படிக்கும்போது அவரும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். இங்கே ஐப்பசி, கார்த்திகை மழையில் நாங்கள் போர்வையைத் தேடும் மாதங்களில், அங்கே ஒரு தீவுக்குக் கடல்நாய்கள் குட்டி போட வரும். நீங்கள் நாலு பேர் ஒரு குடிசை மாதிரி இடத்தில் தங்கி, வெள்ளை ரோமத்தோடு கிடக்கும் குட்டிகளைப் பிடிப்பீர்கள். ஒருவர் அதன்மேல் கால் போட்டு அமுக்கிக்கொள்ள, நீ இடுப்புக்கு மேல் முதுகில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பாய். அதற்குள் தாய் வந்து கடிக்கும். அந்தத் தாயின் பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அவர், "பாலா அது? வெண்ணெய்னு சொல்லு" என்றார். மூன்று வாரம்கூட ஆகாது, தாய் குட்டியைக் கரையில் விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குட்டி தன் கொழுப்பையே தின்றுகொண்டு தனியாகக் கிடக்கும். எனக்குத் தாங்கவில்லை. "இன்னா அம்மா அது" என்று உன்னைப் பிடித்துத் திட்டி எழுதினேன், நீதான் அந்தத் தாயைப் பெற்றவள் மாதிரி.

அந்த ரத்தத்தில் நீ பார்த்தது தைராய்டு சுரக்கும் அளவை. நான் இங்கே பார்க்கிற அதே டி-3, டி-4. தொழிற்சாலைக் கழிவு கடலில் கலந்து, மீனில் ஏறி, தாயின் கொழுப்பில் தங்கி, பால் வழியாகக் குட்டிக்குப் போகிறது, அது அந்தச் சின்னச் சுரப்பியைக் கெடுக்கிறதா என்பது உங்கள் கேள்வி. குட்டி வளர்வதும், குளிர் தாங்குவதும், தெம்பாக நகர்வதும் அந்தச் சுரப்பியின் கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு விஷயத்தில் மட்டும் பெருமை. நீ பெரிய படிப்புப் படித்து எங்கோ போனாலும், நாமிருவரும் கடைசியில் ஒரே சாமானைத்தான் அளந்துகொண்டிருந்தோம்.

2005-ஆம் வருடம் ஐப்பசியில் எனக்குப் பெண் பிறந்தது. அந்த வருட மழை உனக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை, உன் அம்மாவே போனில் அழுதிருப்பார். வெள்ளாற்றில் தண்ணீர் புரண்டு ஓடியது. பொம்மை காயவில்லை என்று எஸ்டேட்டில் பாதிச் சூளைகள் சும்மா கிடந்தன. குழந்தைக்கு மஞ்சள் காமாலை. பிறந்த குழந்தைக்கு வருவதுதான், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்றார்கள். வெயிலுக்கு எங்கே போவது? மஞ்சள் இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை. மற்றபடி பாப்பா தொந்தரவே தரவில்லை. அழமாட்டாள். பாலுக்கு எழுப்ப வேண்டும், குடிக்கும்போதே தூங்கிப்போவாள். பக்கத்து வீட்டுக் குழந்தை தெருவையே கூட்டும், எங்கள் வீட்டில் குழந்தை இருப்பதே தெரியாது. "பாரேன், எப்பிடி சமத்து! ஆத்தாளுக்கு வேல இருக்குதுன்னு தெரிஞ்சே பொறந்திருக்குது" என்று என் மாமியார் வருவோர் போவோரிடம் எல்லாம் சொல்லி, திருஷ்டி சுற்றிப் போட்டார். நானும் பூரித்துக் கிடந்தேன்.

ஆனாலும் தொழில் புத்தி சும்மா இருக்குமா? அந்த மஞ்சள் உறுத்தியது. தைராய்டு குறைந்தாலும் இப்படி நீளும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வந்து, பதினேழாம் நாள் பாப்பாவின் குதிகாலில் நானே குத்தி, சொட்டுச் சொட்டாக ரத்தம் எடுத்தேன். அவள் கத்தவில்லை. தொண்டை கட்டினவள் மாதிரி ஒரு முனகல் முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். அதைக்கூட மெச்சிக்கொண்டேன் நான்.

தைராய்டு குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும் டி.எஸ்.எச்.சை எங்களைப் போன்ற சின்ன லேப்களில் அப்போது எல்லாருக்கும் பார்ப்பதில்லை. என்னிடம் இருந்தது டி-3, டி-4 மட்டும். டி-4 வந்தது. ரிப்போர்ட் படிவம் ஒன்றை உருவி, பெயர் என்ற இடத்தில் 'பேபி' என்று எழுதி, எண்ணை எழுதினேன். வலது ஓரத்தில் அச்சடித்திருக்கும் அளவோடு ஒப்பிட்டேன். கீழ் எல்லையை ஒட்டி இருந்தது, ஆனால் உள்ளேதான் இருந்தது. நார்மல். என் சொந்த மகளின் ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போட்டு, சாமி படத்துக்குக் கீழே வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் நீ போன் செய்தாய். தீவிலிருந்து சாமான் வாங்கப் படகில் ஊருக்கு வந்திருப்பதாகவும், உடனே திரும்ப வேண்டும் என்றும் சொன்னாய். குழந்தையைப் பற்றிக் கேட்டாய். அழவே மாட்டாள் என்று நான் அளந்தேன். எவ்வளவு தூங்குகிறாள், எவ்வளவு சமத்து என்று அளந்தேன். மஞ்சள் மட்டும் போகவில்லை, தைராய்டுகூடப் பார்த்துவிட்டேன், நார்மல் என்றேன். அதைக் கொஞ்சம் பீற்றிக்கொண்டுதான் சொன்னேன்.

"எவ்ளோ வந்துச்சு?" என்றாய்.

சொன்னேன்.

"ரேஞ்சு எது வெச்சுப் பாத்த?"

"ஃபார்ம்ல அச்சடிச்சிருக்குறதுதான்."

"அது யாருக்கு உள்ளதுடி?"

"யாருக்குன்னா? மனுசனுக்கு."

"பெரிய மனுசனுக்கா, பொறந்த புள்ளைக்கா?"

நீ பேசினாய், வேகவேகமாக. பிறந்த புதிதில் குட்டியின் அளவு தாயைவிட நிறைய இருக்க வேண்டும், நாள் போகப் போகத்தான் இறங்கிவரும், குட்டிக்குப் பெரியவர் அளவே இருந்தால் அது குறைவு என்று அர்த்தம், மனிதக் குழந்தைக்கும் அப்படித்தான் என்றாய். அழாமல் தூங்குவதும் மஞ்சள் போகாததும் அதனால் இருக்கலாம், டி.எஸ்.எச். பார்க்காமல் விடக்கூடாது, நாள் தள்ளினால் மூளை வளர்ச்சி கெட்டுவிடும் என்றாய்.

மூளை என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்குள் ஏதோ அறுந்தது. ஆறு வருடமாக லேப் வைத்திருப்பவள் நான். என் பெண்ணை, என் வேலையை, இரண்டையும் ஒரே மூச்சில் நீ கெட்டது என்று சொல்லிவிட்டாய். அப்போது எனக்கு அப்படித்தான் பட்டது. பழைய எரிச்சல் எல்லாம் சேர்ந்து வாய்க்கு வந்துவிட்டது.

"ஒன்னோட நாய்க் கணக்க எம் புள்ள மேல போடாத. ஒனக்குன்னு ஒரு புள்ள இருந்தா இப்பிடி வாய் கூசாம பேச மாட்ட."

சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். முப்பது வயதாகியும் உனக்குக் கல்யாணம் கூடிவராததை உன் அம்மா என்னிடம்தான் வந்து அழுவார். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தே குத்தினேன். உன்னிடம் சொல்ல வாய் வராமல் இருந்தது இதுதான்.

என் சத்தம் கேட்டு அவர் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தார். மழையால் வேலை இல்லாமல் வீட்டில் இருந்தார். என்ன என்றார். உன்னைத் திட்டித் திட்டியே முழுவதையும் சொன்னேன். குட்டிக்கு அதிகமாக இருக்க வேண்டுமாம், பிறகு இறங்குமாம், எங்கேயாவது உண்டா என்றேன். அவர் எனக்குப் பரிந்து ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்க பொம்மையே அப்பிடித்தானம்மா. பச்சையில பெருசாத்தான் வாக்குறோம். காஞ்சி, சூளையில வெந்து வரப்ப சுருங்கி அளவுக்கு வரும். பச்சையிலயே சுட்ட பொம்ம அளவுக்கு இருந்துச்சுன்னா அச்சு தப்புன்னுதான் நாங்க சொல்லுவோம்."

"இது பொம்ம இல்ல" என்று அவர்மேலும் பாய்ந்தேன். சொன்னேனே ஒழிய, சாமி படத்துக்குக் கீழே இருந்த ரிப்போர்ட்டை உருவி மறுபடி பார்த்தேன். அவருக்கு டி-4 என்றால் என்னவென்று தெரியாது. அவருக்கே புரிந்தது.

அரைமணி நேரம் கழித்துப் போன் மறுபடி அடித்தது. நீதான் என்று தெரியும். எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அது நின்று, மறுபடி அடித்தது. எடுத்தேன்.

"வெச்சிடாத. திட்டணும்னா திட்டிக்கோ, நான் கேட்டுக்குறேன். காதுல மட்டும் வெச்சிக்கோ" என்றாய். உன் பின்னால் காற்றும் யாரோ ஆங்கிலத்தில் கத்துவதும் கேட்டது. "ஒன்ன நான் கொற சொல்லலடி. மொத வருசம் நானும் இதே தப்பத்தான் பண்ணேன். ஒரு குட்டி. அம்மா அளவும் அதோட அளவும் ஒண்ணா இருந்துச்சு. பேப்பர்ல பாத்தா அழகா இருந்துச்சு. நல்லாருக்குதுன்னு எழுதிட்டேன். மத்த குட்டிங்க எல்லாம் அம்மாவக் காணோம்னு கத்தும். அது கத்தாது. சமத்துன்னு நானும் நெனச்சேன். ரெண்டு வாரம் கழிச்சுப் போறேன், நாங்க விட்ட எடத்துலயே கெடந்துச்சு."

திரைக்கு அந்தப் பக்கம் என் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். பால் கொடுத்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. பசித்து அழவேண்டிய குழந்தை.

"நாளைக்குக் காலையில பாண்டிக்குக் கொண்டுபோறோம்" என்றேன்.

"சரிடி" என்றாய். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டாய். ஒரு ஆறுதல் இல்லை, தைரியம் சொல்லவில்லை. நான் பேசியதற்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அடை மழையில் முதல் பஸ் பிடித்தோம். பாப்பாவைத் துண்டில் சுற்றி, அதன்மேல் பொம்மை மூடும் பாலித்தீன் ஷீட்டைச் சுற்றி அவர் மார்போடு பிடித்துக்கொண்டார். பாண்டி ஆஸ்பத்திரியில் என் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்த டாக்டரம்மா, பாப்பாவின் நாக்கைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, உடனே ரத்தம் எடுக்கச் சொன்னார். டி.எஸ்.எச். மெஷின் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிப் போயிருந்தது. அன்றே மாத்திரை தொடங்கினார்கள். கடுகை விடக் கொஞ்சம் பெரிய மாத்திரை. நசுக்கி, தாய்ப்பாலில் குழைத்து, பாலாடையில் கொடுக்க வேண்டும்.

"நல்ல நேரத்துல கொண்டுவந்தீங்க. இதப் பாத்தா நார்மல் மாதிரிதான் தெரியும். யார் சந்தேகப்பட்டாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"என் சிநேகிதிங்க. டாக்டரு."

"எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க?"

நான் பாப்பாவின் துண்டைச் சரிசெய்தேன். அவர்தான் சொன்னார். "அவங்க கடல்நாய்க்குப் பாக்குறாங்கம்மா."

டாக்டரம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கு ஒரு வாரத்தில் முதல் தடவையாக அழுகை வந்தது.

மாத்திரை தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு விடியற்காலை பாப்பா கத்தினாள். கத்தல் என்றால் உன் தீவுக்கே கேட்டிருக்கும். பக்கத்து வீட்டார் பயந்துபோய் வந்து கதவைத் தட்டினார்கள். நான் அவளைத் தூக்காமல் ஒரு நிமிடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். என் மாமியார், "பாவி, புள்ள கத்துது, பல்ல காட்டிட்டு நிக்கிறா பாரு" என்று என்னை வைதார். அன்றே பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்கு எழுதினேன். பாப்பாவின் டி.எஸ்.எச்., டி-4, அழுகை எல்லாம் எழுதினேன். நான் பேசிய பேச்சைப் பற்றி எழுதவில்லை. எழுதி, அழித்து, எழுதி, அழித்துவிட்டேன். நீயும் பதிலில் எண்களைப் பற்றித்தான் கேட்டிருந்தாய்.

பாப்பாவுக்கு ஒரு வயது முடிந்து வந்த பொங்கலுக்கு நீ வந்தாய். பாப்பா உன் கண்ணாடியைப் பிடுங்கினாள், முடியைப் பிடித்து இழுத்தாள், நீ கொண்டுவந்த வெள்ளைக் கடல்நாய்ப் பொம்மையின் காதைத் தேடி, கிடைக்காமல் மூக்கைக் கடித்தாள். "அடியே, ஒங்க அம்மாவ வுட மோசமா கடிக்கிறியேடி" என்று நீ சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. நீ எதையும் நினைத்துச் சொல்லவில்லை என்றுதான் உன் முகம் சொன்னது. ஆனாலும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். சமையலறையில் உனக்கு டீ ஆற்றியபடி, "அன்னிக்குப் போன்ல நான் பேசுனது..." என்று ஆரம்பித்தேன்.

"சக்கர பத்தல" என்று நீ டம்ளரை நீட்டினாய்.

சர்க்கரை போட்டேன். "நான் அப்பிடிப் பேசியிருக்கக் கூடாது."

"பாப்பாவுக்கு டோஸ் எப்ப மாத்துனாங்க?" என்றாய். பேச்சு டோஸுக்குப் போய்விட்டது. உன்னை அந்தப் பக்கமே இழுக்க முடியவில்லை. அன்று மாலை உன் அம்மா என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த இரண்டாவது போனுக்காக நீ நின்றதில் படகு போய்விட்டதாம். மறுநாள் வரைக்கும் அந்த ஊரில் தங்க இடம் இல்லாமல், படகுத்துறை ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாயாம். நான்குபேர் செய்யும் வேலையை மூன்றுபேர் செய்ததற்கு மேலாளரிடம் பேச்சும் வாங்கினாயாம். எனக்கு நீ ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது தெரிந்த பிறகு மன்னிப்புக் கேட்பது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இவ்வளவுக்கு என்ன சொல்லிக் கேட்பது? அடுத்த முறை வரும்போது கேட்டுக்கொள்ளலாம், நன்றாக உட்கார்ந்து பேசலாம் என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை வரவில்லை. தலை வலிக்கிறது என்று அறைக்குப் போய்ப் படுத்தவள், மூளையில் ரத்தக் குழாய் வெடித்து, எழுந்திருக்கவில்லை என்று உன் தம்பி போனில் சொன்னான். பெண்ணாடத்துக்கு உன்னைக் கொண்டுவந்து சேர்க்க எட்டு நாள் ஆனது. உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன்னப் பத்தித்தாம்மா எப்பவும் பேசுவா" என்றார். என்ன பேசுவாய் என்று கேட்கப் பயமாக இருந்தது. நீ என்னை மன்னித்தாயா, இல்லை பெரிய மனசு பண்ணிப் பேசாமல் இருந்துவிட்டாயா என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. இரண்டு வருடமாக என்னை அரித்தது அதுதான். உன் சாவைவிட அது அரித்தது என்று சொன்னால் நீ சிரிப்பாய். ஆனால் உண்மை.

இப்போது என் ரிப்போர்ட் படிவங்கள் வேறு. பிறந்த குழந்தைக்கு, முதல் வாரத்துக்கு, முதல் மாதத்துக்கு என்று அளவுகளைத் தனித்தனியாக அச்சடித்து வைத்திருக்கிறேன். டி.எஸ்.எச். கிட் தீராமல் பார்த்துக்கொள்கிறேன். சந்தேகமாக ஏதாவது வந்தால், ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை, நானே போன் செய்து சொல்கிறேன். பாப்பாவுக்கு இப்போது நாலு வயது. எல்.கே.ஜி. போகிறாள். வாயை மூட வைக்க அவள் டீச்சருக்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும்.

போன வாரம் பெண்ணாடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் நம் மங்களூரிலிருந்து ஒருவர் பன்னிரண்டு நாள் குழந்தையைத் தூக்கி வந்து, ரத்தம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போயிருந்தார். அளவு சரியில்லை. அவருக்குப் போன் செய்து, நாளைக்கே குழந்தையைக் கொண்டுவாருங்கள், மறுபடி பார்த்துவிட்டுப் பாண்டிக்குப் போகலாம் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தங்கமாத் தூங்குது புள்ள. நீ இன்னா டாக்டரா? நல்லாக்கீற புள்ளைய நோயாளி ஆக்கிடாத" என்று ஆரம்பித்து, லேபில் ஓடியாடியதில் அவர் பார்த்திருந்த என் பெண்ணையும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

முகம் சுட்டது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தார். என் மகளைப் பற்றிச் சொன்னேன். அழாமல் தூங்கினதை, நான் நார்மல் என்று கையெழுத்துப் போட்டதை, பாண்டிக்கு மழையில் போனதை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன். "அண்ணே, இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன்மா" என்றார். குரல் வேறாக இருந்தது. "மொத பஸ்ஸுக்கே கொண்டாறோம்."

எவ்வளவோ சொல்ல இருந்தது. பயப்படாதீர்கள் என்று சொல்லியிருக்கலாம், சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கலாம். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்து அழுதேன். அவர் என்னைப் பேசிய பேச்சு எனக்கு ஞாபகத்திலேயே இல்லை, தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர் மன்னிப்புக் கேட்டிருந்தால் எனக்கு என்ன செய்வதென்றே தெரிந்திருக்காது, ஒருவேளை சர்க்கரை பத்தவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்தப் படகுத்துறையில், காற்றில், அன்றைக்கு நீயும் 'சரிடி' என்று வைத்துவிட்டு அழுதுகொண்டுதான் நின்றிருக்கிறாய். எனக்கு இத்தனை நாள் தெரியவில்லை.